ரெமியெந்தோ என்றால் ஒட்டுத்துணி

மேயருக்கு ஒரு புத்தகம் வேண்டுமாம்,
திருவிழாவுக்குள்.
அட்டையில் "புகழ்பெற்ற ரெமியெந்தோக்கள்."
முதல் பக்கத்தில் அவர் படம்.
காகிதம் நகராட்சிச் செலவு,
தட்டச்சு என் தலையில்.

பதிவு அலுவலகக் கூரை
மூன்று இடத்தில் ஒழுகுகிறது.
வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து
ரெமியெந்தோக்களைப் பொறுக்குகிறேன்.

போலிகார்ப்பியோ ரெமியெந்தோ.
எரிமலை கக்கிய இரவில்
தேவாலய மணியைக் கழற்றித்
தெப்பத்தில் ஏற்றி ஆற்றோடு போனவர்.
மணி பிழைத்தது.
மனைவியை அழைத்துவர மறுநாள் திரும்பினார்
என்ற வரியை
மேயர் சிவப்பு மையால் அடித்தார்.

எவுஸ்தாக்கியா ரெமியெந்தோ, மருத்துவச்சி.
எழுதத் தெரியாது.
பிள்ளைக்கு ஒரு முடிச்சாக
அபாக்கா நார்க் கயிற்றில் கணக்கு வைத்தார்.
கயிறு என் அலமாரியில் இருக்கிறது.
நடுவில் எலி கடித்துவிட்டது.
இந்தப் பக்கம் எண்ணூற்றுப் பன்னிரண்டு,
அந்தப் பக்கம் எண்ணூற்று நாற்பது.
எலி தின்றவர்கள் யாரோ
ஊருக்குள்தான் நடமாடுகிறார்கள்.

புல்ஹென்சியோ ரெமியெந்தோ, குத்துச்சண்டைக்காரர்.
மணிலாவில் ஒன்பதாம் சுற்றில்
எதிராளி சரிந்தபோது
பழக்கதோஷத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.
பத்தாம் சுற்றில் தோற்றார்.

தியோதுல்போவைச் சேர்க்கவா என்று கேட்டேன்.
நாற்பது ஊர்களில் செல்லுபடியான
கள்ள லாட்டரிச் சீட்டு அடித்தவன்,
அச்சு அவ்வளவு சுத்தம்.
"அவன் நம் ரத்தமே இல்லை" என்றார் மேயர்.

உண்மைதான்.
யாருமே யாருக்கும் ரத்தமில்லை.

ஆயிரத்தெண்ணூற்று நாற்பத்தொன்பது.
குடும்பப் பெயரில்லாத ஜனங்களிடம்
வரி வாங்குவது சிரமமென்று
ஸ்பானியர்கள் பெயர்ப்பட்டியல் அச்சடித்தார்கள்.
எங்கள் ஊருக்கு வந்தது ஓர் எழுத்து,
ஒரே ஒரு தாள்.
பாதிரியாரின் மேசைக்கு முன்னால் வரிசை.
வந்தவன் கையெடுத்து நின்றான்,
அர்த்தம் தெரியாத ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு போனான்.
ஒருவனுக்கு ராபனோ, முள்ளங்கி.
ஒருவனுக்கு ரூபி, மாணிக்கம்.
அவன் பேரன்களும் கடன்பட்டே செத்தார்கள்.

தாள் தீர்ந்தது, வரிசை தீரவில்லை.
மலைச்சரிவிலிருந்து
சேற்றுக்காலோடு பிந்தி வந்த ஏழு குடும்பங்கள்.
முன்பின் பார்த்ததில்லை,
ஒரு மாட்டைக்கூடப் பங்கு போட்டதில்லை.
எழுத்தருக்குப் பசி.
அடிக்கோட்டில் மிஞ்சிய சொல்லை
ஏழு பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டு
சாப்பிடப் போனார்.
ரெமியெந்தோ:
கிழிசலில் வைத்துத் தைக்கும் துண்டு.

இதையெல்லாம் மேயரிடம் சொல்ல
நான் யார்?
நான் ஹிலாரியா ரானா.
ரானா என்றால் தவளை.
தவளைகளுக்கு யாரும் புத்தகம் போடுவதில்லை.

கடைசியாக ஒரு பெயர்
அவரே எழுதி அனுப்பினார்.
மெலிதா ரெமியெந்தோ,
நார்வேயில், சூரியன் இரண்டு மாதம் எழாத ஊரில்
அறுவைசிகிச்சைத் தலைமைச் செவிலி.
பத்திரிகையில் படம் வந்திருக்கிறது.
"தாடையைப் பாருங்கள் ஹிலாரியா,
அப்படியே எங்கள் தாத்தா!"

பார்த்தேன்.

எண்பத்தேழு நவம்பர்ப் புயல்.
பேருந்து நிலையத்துப் பெஞ்சுக்கடியில்
வாழைப்பழப் பெட்டியில் கிடைத்தது.
யார் குழந்தை என்று
ஒன்பது நாள் ஒலிபெருக்கியில் கேட்டோம்.
பத்தாம் நாள்
படிவத்தை நிரப்பியாக வேண்டும்.
பெயரை ஒரு கன்னிகாஸ்திரீ சொன்னார்.
குடும்பப் பெயருக்கான கோட்டின் மேல்
என் பேனா நின்றது.
வேலைக்குச் சேர்ந்து ஆறே வாரம்.
தவளை என்று எழுத மனம் வரவில்லை.
எனக்கும் அப்போது பசி.

தாடை என்றாரே, தாடை!
சிரிப்பை அடக்க
நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு
வெளியே போனேன்.
திரும்பி வந்து
அவர் சொன்னபடியே தட்டச்சு செய்தேன்,
முப்பத்தெட்டாம் பக்கம்:
"தலைமுறைகள் தாண்டியும் மாறாத
ரெமியெந்தோ முகவெட்டு."

ஒரு எழுத்துப்பிழை இல்லை.
இரண்டு தரம் சரிபார்த்தேன்.